மேசையில் வெட்டிய அரைவட்டம்

எங்கள் கார்மென்ட்ஸில் கர்ப்பிணிகளுக்கு ரோஸ் நிறத் தொப்பி. மற்றவர்களுக்கு வெள்ளை. ரோஸ் தொப்பியைக் கண்டால் தள்ளுவண்டிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும். சாப்பாட்டு வரிசையில் முன்னால் விட வேண்டும். பின்னேரம் மணி அடிக்க முன்னமே அவர்கள் பஸ்ஸில் ஏறி இடம் பிடிக்கலாம். எல்லாம் நல்லதுதான்.

இன்னொரு விதியும் இருந்தது. ரோஸ் தொப்பி போட்டவள் தையல் மெஷினில் இருக்கக் கூடாது. மெஷின் அதிரும், வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது என்று யாரோ நல்ல மனதோடு யோசித்திருக்கிறார்கள். ஆகவே அவளைச் செக்கிங் மேசைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே சட்டையை விரிக்க வேண்டும், தொங்கும் நூலை வெட்ட வேண்டும், மடித்துக் கட்டுக் கட்டாகத் தூக்கி அடுக்க வேண்டும். கதிரை கிடையாது. காலையிலிருந்து பின்னேரம் வரை நின்றபடிதான்.

நான் அங்கே மெக்கானிக். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து டிப்ளோமா எடுத்தவன். மெஷின் மக்கர் பண்ணினால் தைப்பவள் மேசையில் இருக்கும் சிறிய சிவப்புக் கொடியை நிமிர்த்துவாள். நான் போவேன். திருத்துவேன். கொடியை மடக்குவேன். கதை பேச்சு இல்லை. ரோஸ் தொப்பிகளின் பக்கம் பார்ப்பதும் இல்லை. என் மனைவி யசோதினி போன மாரியில் டெங்குக் காய்ச்சலில் போனாள். அப்போது வயிற்றில் ஏழு மாதம். அதன் பிறகு நாவற்குடா வீட்டில் படுப்பேன், விடிந்தால் வேலைக்கு வருவேன். மெஷின்கள் போதுமாக இருந்தன.

அன்றைக்கு மூன்றாம் லைனில் கம்சாயினியின் கொடி நிமிர்ந்தது. குருக்கள்மடத்துப் பெண். சட்டைக்குக் கொலர் பூட்டுகிறவள். கொலர் எல்லாருக்கும் வராது. வளைவில் ஒரு நூல் பிசகினால் சட்டை கழுத்தில் கோணிக்கொண்டு நிற்கும். அவளுடைய கொலர் கோணியதில்லை.

"என்ன பழுது?"

"மெஷினுக்கு ஒண்டும் இல்ல அண்ணன். மேசைதான் பிழை."

"மேசைக்கு என்ன?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "வயிறு முட்டுது."

நான் ஊசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எட்டித் தைக்கிறன். முதுகும் நாரியும் முறியுது. இவ்வளவு நாளும் இந்த யூனிஃபோர்ம் கோட்டுக்குள்ள ஒளிச்சிட்டன். இன்னும் கொஞ்ச நாளில சப்னா மிஸ் கண்டுபிடிச்சிருவா. தொப்பியக் கொண்டு வந்து தலையில கவுத்துருவா."

"தொப்பி நல்லதுதானே."

"போன முறை போட்டனான்." ஊசியில் நூலைக் கோத்தபடி சொன்னாள். "செக்கிங்கில நிண்டன். கால் ரெண்டும் பிட்டுக்குழல் மாதிரி வீங்கிச்சு. அஞ்சாம் மாசம் பிள்ள போயிற்று. அதாலதான் போனது எண்டு சொல்லேலாதாம் எண்டார் டொக்டர். அதால இல்ல எண்டும் சொல்லேலாதாம். இந்த முறை மிட்வைஃப் மிஸ் முதலே சொல்லிப்போட்டா, கன நேரம் நிக்கப்படாது எண்டு. நான் நிக்க மாட்டன் அண்ணன்."

"அப்ப வீட்டில இருக்கலாமே."

"வீட்டில ஆர் இருக்க விடுறாங்க? கிணத்துத் தண்ணி, விறகு, மனிசன்ட வலை. இந்த உலகத்தில எனக்கு எண்டு ஒரு கதிரை கிடக்கிறது இஞ்சதான்."

அடுத்த மெஷினில் நபீஸா. ஏறாவூர்க்காரி. ஐந்து பிள்ளைகளின் தாய். அவளுடைய வாய் மெஷினைவிட வேகம்.

"தம்பி, இவட கதைய நம்பாதீங்க. ஊட்டில மாமியாரு இரிக்கா. அவவுக்குப் பயந்துதான் இஞ்ச ஓடி வாறா."

"ஓம் நபீஸாக்கா. உங்கட மாமி தங்கம், நீங்க ஏன் வாறீங்க?"

"தங்கம்தான். அடகு வைக்க ஏலாத தங்கம்."

கம்சாயினி இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு மட்டையை எடுத்தாள். வெட்டுப் பகுதியில் சட்டை அளவுக்குக் கீறும் மண்ணிற மட்டை. அதில் பென்சிலால் வளைவாக இரண்டு கோடுகள், ஒன்றுக்குள் ஒன்று. தன் வயிற்றைத் தானே அளந்து கீறியிருக்கிறாள்.

"மேசை விளிம்ப இப்பிடி வெட்டித் தாங்க. நான் உள்ளுக்குப் போய் இருந்திருவன்."

"கம்பெனி மேசை."

"கம்பெனி மேசைதான். வயிறு என்ட."

ஏலாது என்றேன். கொடியை மடக்கிவிட்டுப் போனேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பார்த்தேன். கட்டடத்தின் பின்பக்க ஜன்னலுக்குக் கீழே இருந்தாள். அந்த ஜன்னலைத் திறந்தால் வாவி. காற்று வரும் என்று பெண்கள் அங்கேதான் பார்சலை விரிப்பார்கள். அவள் வெறும் நூல் பெட்டி ஒன்றின் மேல் கால்களை நீட்டி வைத்திருந்தாள். செருப்பு வார் இருந்த இடம் பள்ளமாகப் பதிந்திருந்தது.

யசோதினி கணித ரீச்சர். நின்றுதான் படிப்பிப்பாள். பள்ளி விட்டு வந்தால் ஒரு பேசினில் சுடுதண்ணீரும் உப்பும் போட்டுக் கொடுப்பேன். கால்களை அதில் வைத்துக்கொண்டு கொப்பி திருத்துவாள். பெருவிரலால் அவளுடைய கணுக்காலை அழுத்தினால் குழி விழும். மெல்ல மெல்ல மேலே வரும். அது மேலே வரும் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் சோற்றுப் பார்சலை அப்படியே மடித்தேன். கம்சாயினியிடம் போய்க் கையை நீட்டினேன்.

"மட்டையத் தாங்க."

பௌர்ணமிக்குப் போயா விடுமுறை, அன்று கார்மென்ட்ஸ் பூட்டு. மெக்கானிக்குகளுக்கு மட்டும் வேலை இருக்கும், மெஷின்களுக்கு எண்ணெய் மாற்ற. மற்றவர்கள் அடுத்த கட்டடத்தில் நின்றார்கள். நான் மூன்றாம் லைனில் கம்சாயினியின் மெஷின் தலையைத் தூக்கி வைத்தேன். மட்டையை மேசை விளிம்பில் ஒட்டினேன். மின்சார வாளால் உள் கோட்டின் மேல் போனேன். பலகையில் ஒரு அரைவட்டம் கழன்று கையில் வந்தது. விளிம்பை உரஞ்சி மழுங்கச் செய்தேன். மிதிபலகையைச் சற்று முன்னுக்கு இழுத்தேன். மேசையின் நான்கு காலுக்கும் அடியில் பழைய டயர் டியூப்பை நாலாக மடித்து வைத்தேன். அதிர்வு என்றுதானே சொல்கிறார்கள். அதையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் வந்து இருந்தாள். கதிரையை இழுத்துக்கொண்டு மேசைக்குள் போனாள். முதுகு நேரானது. ஒரு கொலரைத் தைத்து முடித்தாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"சுகமாக் கிடக்கு அண்ணன்."

நபீஸா எட்டிப் பார்த்தாள். "அல்லாவே! மேசைய ஒரு கடி கடிச்சி வச்சிரிக்காரு தம்பி."

வெட்டிய துண்டைக் கம்சாயினி கேட்டு வாங்கிக்கொண்டாள். மீன் வெட்ட நல்ல பலகை என்றாள். அவளுடைய புருஷன் வாவியில் வலை போடுகிறவன், வீட்டில் மீனுக்குக் குறைவில்லை. கொலர் துணியில் மிஞ்சியதை மடித்து மெத்தை மாதிரித் தைத்து அரைவட்டத்தின் விளிம்பைச் சுற்றி ஒட்டினாள். எழும்பும்போது மெஷின் உறையை இழுத்து வெட்டை மூடிவிடுவாள். சப்னா மிஸ் எங்கள் சுப்பர்வைசர். தினமும் அந்த வழியால் போவாள். ஒரு நாள் உறை சரிந்து கிடந்தது. சப்னா மிஸ் நின்றாள். பார்த்தாள். உறையைத் தன் கையால் இழுத்து மூடிவிட்டுப் போனாள்.

அந்த மாதம் பெரிய ஓடர் ஒன்று வந்தது. எல்லாச் சட்டைக்கும் இரட்டைத் தையல் கொலர். கம்சாயினியின் முன்னால் கொலர்கள் மலையாகக் குவிந்தன. பின்னேரத்தில் மலை இருக்காது. நான் காரணம் இல்லாமல் மூன்றாம் லைன் பக்கம் போவேன். அவளுடைய கால்களைப் பார்ப்பேன். வார்ப்பள்ளம் ஆழமாக இல்லை.

பிறகு ஒரு நாள் காலையில் கொடி நிமிர்ந்தது.

"அண்ணன், திரும்ப முட்டுது. நீங்க எந்தக் கோட்டில வெட்டினீங்க?"

"உள் கோட்டில."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அடங்காமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள் கோடு தையல் கோடு அண்ணன்! வெளிக் கோடுதானே வெட்டுற கோடு. பிள்ள வளர இடம் விட்டெல்லோ கீறித் தந்தனான்."

"கொலர் பூட்டுற புள்ளக்கிட்ட மட்டைய வாங்கி, பலகை வெட்டுற ஆள் வெட்டினா இப்பிடித்தான் இரிக்கும்," என்றாள் நபீஸா. "நல்ல காலம், சட்டை வெட்ட ஒங்கள விடல்ல. ஊரெல்லாம் மூச்சு முட்டிச் செத்திரிக்கும்."

மெக்கானிக்குக்குக் கோடு என்றால் கோடு. துணிக்காரிகளுக்கு ஒவ்வொரு கோட்டுக்கும் வெளியே இன்னொரு கோடு இருக்கிறது. அது எனக்குத் தெரியவில்லை.

"அடுத்த போயாவுக்கு வெட்டித் தாறன்," என்றேன்.

போயா வரவில்லை. அதற்கு முன் வினோஜன் வந்தார்.

வினோஜன் எங்கள் மனேஜர். கெட்ட மனிதர் இல்லை. யாருக்காவது தலைசுற்று வந்தால் தன் வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார். காலைத் தேத்தண்ணியைக் கிளாஸில் ஊற்றி வாங்கிக்கொண்டு லைன்களுக்கு நடுவே நடப்பது அவர் வழக்கம். வேறு யாரும் உள்ளே தேத்தண்ணி கொண்டு வரக் கூடாது. அன்றைக்கு நிரம்பிய கிளாஸோடு மூன்றாம் லைனுக்கு வந்தார். கம்சாயினி மேசைக்கு ஒரு பக்கமாகக் கோணி இருந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ள இப்பிடிச் சரிஞ்சு இருக்கிறீங்க? நாரி பிடிச்சிட்டா? ஒருக்கா எழும்புங்க பாப்பம்."

அவள் எழும்பினாள். உறைக்குக் கை போக நேரம் இருக்கவில்லை. வெட்டும் தெரிந்தது. வயிறும் தெரிந்தது.

பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இது ஆர் வெட்டினது?"

"நான்," என்றேன்.

"ஐசே, விசரா உமக்கு?" அவருக்குக் கோபத்தைவிடப் பயம் கூட இருந்தது. அவளிடம் திரும்பினார். "பிள்ள, உங்கட நன்மைக்குத்தான் சொல்றன். மெஷின் அதிரும். நாளைக்கு ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்றது? செக்கிங்குக்குப் போங்க. இப்பவே."

சப்னா மிஸ் ரோஸ் தொப்பியைக் கொண்டு வந்தாள். முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

கம்சாயினி அதை வாங்கினாள். வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். ரோஸ் தொப்பியைத் தலையில் வைத்து, வெளியே வந்த மயிரை உள்ளே தள்ளி, ஒழுங்காக இழுத்துவிட்டாள். பிறகு கதிரையில் இருந்தாள்.

"தொப்பி போட்டுட்டன் சேர். இனி ஒளிக்க மாட்டன். ஆனா நிக்கவும் மாட்டன்."

"அதிரும் எண்டெல்லோ சொல்றன்!"

நான் அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கினேன். அவர் தந்தார் என்று சொல்ல முடியாது. விளிம்பு வரை நிரம்பிய பிளேன்டி. வாய் வைத்திருக்கவில்லை. அதைக் கொண்டுபோய் மேசையில், ஊசிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"தைங்க தங்கச்சி," என்றேன்.

அவள் ஒரு கொலரை எடுத்தாள். ஊசிக்கடியில் வைத்தாள். மிதித்தாள். நீளத்துக்கு ஓடினாள், வளைவில் திருப்பினாள், மீண்டும் ஓடினாள். யாரும் கொலரைப் பார்க்கவில்லை. எல்லாரும் தேத்தண்ணியைப் பார்த்தார்கள். அதன் மேல் சின்னச் சின்ன வளையங்கள் ஓடின. விளிம்பைத் தொட்டன. திரும்பின. அவள் இரண்டாம் கொலரை எடுத்தாள். முழு வேகத்தில் மிதித்தாள். ஒரு துளி வெளியே வரவில்லை.

"புது மோட்டர் சேர். காலுக்கு ரப்பரும் வச்சிருக்கிறன்," என்றேன். "இவ்வளவுதான் அதிரும். கார்மென்ட்ஸ் பஸ் இதவிட அதிரும். அதிலதான் அவ குருக்கள்மடத்திலயிருந்து வாறா."

அந்த இடத்தில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

நபீஸா எழும்பினாள். "சேர், இந்தத் தேத்தண்ணிய கையில வச்சிட்டு செக்கிங் மேசையில பின்னேரம் வரைக்கும் நில்லுங்க. அங்க சிந்துதா, இஞ்ச சிந்துதா எண்டு மறுகா பாப்பம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு லைன் முழுக்கச் சிரித்தது. வினோஜனின் வாய் ஒரு பக்கம் இழுபட்டது. அடக்கிக்கொண்டார்.

அப்போதுதான் செக்கிங் மேசைக்காரிகள் வந்தார்கள். நான்கு ரோஸ் தொப்பிகள். கத்தரிக்கோலை வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, வாத்துகள் மாதிரி மெதுவாக வந்தார்கள். முன்னால் வந்தவள் நிஸ்றா. காத்தான்குடிப் பெண். எட்டு மாதம்.

"சேர், எங்களுக்கும் கதிரை வேணும்."

"செக்கிங் இருந்து செய்யிற வேலையா பிள்ள?"

"சட்டை படுத்துத்தானே கிடக்கு சேர். அதப் பாக்க நாங்க ஏன் நிக்கணும்?"

வினோஜன் அவளைப் பார்த்தார். அவளுடைய கால்களைப் பார்த்தார். சப்பாத்துக் கொள்ளாமல் புருஷனின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவர் அதை அதுவரை கண்டிருக்கவில்லை என்று நினைக்கிறேன். நானும் கண்டிருக்கவில்லை. நான்தான் அந்தப் பக்கம் பார்க்காதவன் ஆயிற்றே.

அவர் மேசையிலிருந்த கிளாஸை எடுத்தார். ஒரு மிடறு குடித்தார்.

"இந்த ஓடர் போகுமட்டும்," என்றார் கம்சாயினியிடம். "அதுக்குள்ள உங்கட கிளினிக் மிட்வைஃப் மிஸ்ஸோட நானே கதைக்கிறன். அவ ஏலாது எண்டா ஏலாதுதான்."

"அவ ஏலும் எண்டா?"

"ஏலும் எண்டா இருங்க." என்னிடம் திரும்பினார். "நீர் இந்த மேசையை ஒழுங்கா வெட்டும். எலி கொறிச்ச மாதிரிக் கிடக்கு. சப்னா, கன்ரீனில எத்தின கதிரை சும்மா கிடக்கு?"

சப்னா மிஸ் ஏற்கெனவே கன்ரீன் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

வாளைக் கொண்டு வந்தேன். இந்த முறை போயாவுக்குக் காத்திருக்கவில்லை. நபீஸா மட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வெளிக் கோடு தம்பி, வெளிக் கோடு," என்று வெட்டி முடியும் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். மெஷினுக்குக் கீழே இருக்கும் எண்ணெய்த் தட்டுக்கு இரண்டு விரல் மிச்சம் வைத்து வாள் போனது. ஜன்னல் திறந்து கிடந்தது. வாவிக் காற்று பலகைத் தூளை அள்ளி எல்லாருடைய தொப்பியிலும் போட்டது.

கிளினிக் மிஸ் வந்து பார்த்தாள். இருக்கலாம் என்றாள். இடைக்கிடை எழும்பி நடக்க வேண்டும், கால்களை உயர்த்தி வைக்க வேண்டும் என்றாள். மிதிக்காத காலுக்கு ஒரு சின்ன மணைப்பலகை அடித்துக் கொடுத்தேன். மற்ற நால்வருக்கும் கூட.

ஓடர் முடியும் நாளில் கம்சாயினியின் வயிறு அரைவட்டத்தை நிரப்பியிருந்தது. இடைவெளியில் ஒரு விரல் போகாது. அடுத்த நாளிலிருந்து அவளுக்குப் பிரசவ லீவு. கடைசிக் கட்டுக் கொலர் அவள் முன்னால் இருந்தது. மற்ற லைன்களில் வேலை முடிந்துவிட்டது. ஆனால் யாரும் பஸ்ஸுக்குப் போகவில்லை. அவளைச் சுற்றி நின்றார்கள்.

"பாக்காதேங்க கா, வெக்கமாக் கிடக்கு," என்றாள்.

"வெக்கம் கிடக்கட்டும், கொலர் கோணாம இரிந்தாச் சரி," என்றாள் நபீஸா.

கடைசிக் கொலர் வளைவைச் சுற்றி வந்து நின்றது. அவள் நூலை வெட்டினாள். சட்டையைத் தூக்கிக் காட்டினாள். கழுத்து நேராக நின்றது.

நபீஸா வாயருகே கையைக் கொண்டுபோனாள். குரவை போட்டாள். ஏறாவூர்க் கலியாண வீட்டுக் குரவை. அடுத்த கணம் குருக்கள்மடத்துப் பெண்கள் சேர்ந்தார்கள், அம்மன் சடங்கில் போடும் குரவையோடு. பிறகு எது எவருடையது என்று பிரிக்க முடியவில்லை. தகரக் கூரை அந்தச் சத்தத்தைத் திருப்பித் திருப்பித் தந்தது. வினோஜன் அலுவலகக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார், தீ பிடித்துவிட்டது என்று நினைத்து. விஷயம் தெரிந்ததும் கதவோடு சாய்ந்து நின்றுவிட்டார்.

நான் கடைசியாகக் குரவை கேட்டது என் கலியாணத்தில். யசோதினி அப்போது தலையைக் குனிந்து சிரித்தாள். அது நினைவுக்கு வந்தது. நான் அதைப் போகச் சொல்லவில்லை. அந்தச் சத்தம் முடியும் மட்டும் அவளும் அங்கே நின்றாள்.

கம்சாயினிக்குப் பெண் பிள்ளை. நல்ல நிறை. செய்தி பஸ்ஸில் வந்தது, அதோடு ஒரு பொதி வாவி இறாலும் வந்தது. நபீஸா பங்கு பிரித்தாள். எனக்கு இரண்டு பங்கு தந்தாள். தனியாள் எனக்கு ஏன் என்றேன். "முதல் வெட்டுக்கு ஒண்டு, ரெண்டாம் வெட்டுக்கு ஒண்டு," என்றாள். அன்று இரவு நானே சமைத்தேன். உறைப்புக் கூடிவிட்டது. முழுவதையும் சாப்பிட்டேன்.

லீவு முடிந்து அவள் திரும்பி வந்தாள். செக்கிங்குக்கு இல்லை. மூன்றாம் லைனுக்கு, அதே மெஷினுக்கு. கொடி நிமிர்ந்திருந்தது.

"இப்ப வெட்டுப் பெரிசாக் கிடக்கு அண்ணன். கொலர் எல்லாம் மடியில வழுக்கி விழுது. எனக்கு முழு மேசை தாங்க. இத அடுத்த ஆளுக்குக் குடுங்க."

புது மேசை போட்டேன். வெட்டிய மேசையை ஐந்தாம் லைனுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு சின்னப் பெண், தலைப்பிள்ளை, ரோஸ் தொப்பி புதிது. இப்போதெல்லாம் விரும்பினால் ரோஸ் தொப்பியோடும் மெஷினில் இருக்கலாம். மேசையைக் கண்டதும் எழும்பி இடம் விட்டாள். கூச்சத்தோடு நின்றாள். நான் அவளுடைய வயிற்றைப் பார்த்தேன். நேராகவே பார்த்தேன். கம்சாயினியைவிட உயரம் குறைவு, வயிறு கீழே இறங்கி இருந்தது. இந்த மேசை இவளுக்குச் சரிவராது. புதிதாக வெட்ட வேண்டும்.

ஒரு மட்டையும் பென்சிலும் எடுத்துக் கொடுத்தேன். அவள் கீறிக்கொண்டு வந்து தந்தாள். இரண்டு கோடுகள்.

"இதில வெட்டுற கோடு எது?" என்று முதலே கேட்டேன்.